சி.பி.ஆர். நடக்கும்போது கண்பாவையை அளப்பது எப்படி: புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இதயத் துடிப்பு நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சழுத்தமும் செயற்கை மூச்சும் கொடுக்கும்போது (இதுவே சி.பி.ஆர்.), சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டியது, இந்த நிமிடத்தில் இவருடைய மூளைக்கு இரத்தம் போய்ச் சேர்கிறதா என்பதுதான். மானிட்டர் இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும். வெளிமூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்க மூச்சுக்குழலில் பொருத்திய கேப்னோகிராஃப், நுரையீரல் வழியே எவ்வளவு இரத்தம் ஓடுகிறது என்பதை ஓரளவு சொல்லும். மூளையைப் பற்றிப் படுக்கையருகிலேயே சில விநாடிகளில் தெரிந்துகொள்ள நமக்கு இருப்பது ஏறத்தாழ கண்பாவை ஒன்றுதான். அதை எப்படிப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, எப்படிக் குறித்துவைப்பது, பார்த்ததிலிருந்து எதை முடிவு செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பவற்றை, ஐ.சி.யூ.விலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்காகவும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன். தெருவிலோ வீட்டிலோ ஒருவர் மயங்கி விழுந்தால் உதவிக்கு ஓடுபவர்களுக்கு இது எதுவும் தேவையில்லை. அவர்கள் பாவையைத் தேடி ஒரு விநாடியைக்கூடச் செலவிடாமல், ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு நெஞ்சழுத்தத்தைத் தொடங்கினால் போதும்.

பாவை எதைச் சொல்கிறது

கண்ணில் விழும் ஒளியின் செய்தி விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வழியாக நடுமூளையை அடைந்து, அங்குள்ள எடிங்கர்-வெஸ்ட்பால் உட்கருக்களைத் தொட்டு, மூன்றாம் கபால நரம்பு வழியாகத் திரும்பி வந்து, பாவையைச் சுற்றியுள்ள சுருக்குத் தசையை இயக்குகிறது. நடுமூளையில் இந்தச் செய்தி இருபுறமும் பிரிந்து செல்வதால், ஒரு கண்ணில் ஒளி பட்டாலும் இரண்டு பாவைகளும் சுருங்குகின்றன. இந்தச் சுற்று இயங்க நடுமூளைக்கு ஆக்சிஜன் வேண்டும். இதயம் நின்றால் பாவை ஒரு நிமிடத்துக்குள் விரியத் தொடங்கி, பிறகு ஒளிக்கு அசையாமல் போகிறது. எவ்வளவு நன்றாக நெஞ்சழுத்தம் கொடுத்தாலும், இதயம் இயல்பாக வெளியேற்றும் இரத்தத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் கிடைக்கும். அவ்வளவு குறைந்த ஓட்டத்திலும்கூட நடுமூளை மீண்டும் இயங்கத் தொடங்கிப் பாவையைச் சுருக்கக்கூடும் என்பதால்தான் இந்த அளவீட்டுக்கு மதிப்பு இருக்கிறது.

இங்கேயே ஒரு வரம்பையும் புரிந்துகொள்ள வேண்டும். ஆக்சிஜன் குறையும்போது முதலில் பாதிக்கப்படுவது பெருமூளைப் புறணியும், நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸும்தான். மூளைத்தண்டு அவற்றைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். ஆகவே பாவை நன்றாகச் சுருங்கினால் நடுமூளைக்கு இரத்தம் போகிறது என்று சொல்லலாமே தவிர, இவர் கண்விழித்துப் பேசுவார் என்று சொல்ல முடியாது. இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கியும், மாதக்கணக்கில் நினைவு திரும்பாமல் கிடக்கும் நோயாளிகள் பலரிடம் பாவை ஒளிக்கு ஒழுங்காகச் சுருங்குவதை எந்த நரம்பியல் வார்டிலும் காணலாம்.

சான்று என்ன, எவ்வளவு

நெஞ்சுக்கூட்டைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தும் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 1960இல் அறிவித்தார்கள். பாவையைப் பார்த்து சி.பி.ஆரின் பலனை மதிப்பிடும் வழக்கமும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பழையது. ஆனால் டார்ச்சை அடித்து வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வது ஆளுக்கு ஆள் மாறுவதால், அதை நம்பி எண்ணிக்கை வடிவில் எதையும் நிறுவ முடியவில்லை. கையடக்க அகச்சிவப்புக் கருவி வந்த பிறகு, சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மயக்கவியல் துறையைச் சேர்ந்த மத்தியாஸ் பெரண்ட்ஸ், கிளாஸ் நீமன், மெர்லின் லார்சன் ஆகியோர், மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றுபோன 30 நோயாளிகளின் பாவையை சி.பி.ஆர். நடக்கும்போதே அளந்து, முடிவை 2012இல் வெளியிட்டார்கள்.

அந்த 30 பேரில் 25 பேரிடம், அதாவது 83 விழுக்காட்டினரிடம், ஒளிக்கான எதிர்வினை தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ பதிவானது. எதிர்வினை இடைவிடாமல் இருந்தவர்களுக்கும், 5 நிமிடத்துக்குக் குறைவாக மட்டுமே காணாமல்போனவர்களுக்கும், உயிர் திரும்பவும் மூளை நல்ல நிலையில் மீளவும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. எதிர்வினை அறவே இல்லாதவர்களிலும், இருந்தது படிப்படியாக மங்கிப்போனவர்களிலும் ஒருவரும் பிழைக்கவில்லை.

கேட்கும்போது இது முடிந்த முடிவாகத் தோன்றும், ஆனால் எண்ணிக்கையைக் கவனியுங்கள். எதிர்வினை அறவே இல்லாதவர்கள் 5 பேர். அத்தகைய நோயாளிகளில் உண்மையில் 40 விழுக்காட்டினர் பிழைக்கக்கூடியவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், தற்செயலாக எடுத்த 5 பேரில் ஒருவரும் பிழைக்காமல்போக ஏறக்குறைய 8 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஆய்வாளர்களே இதை ஒரு நோயாளித் தொடர் என்றுதான் அழைத்தார்கள். சி.பி.ஆரின்போது அளக்க முடியும் என்பதும், அளவீடுகளின் போக்குக்குப் பொருள் உண்டு என்பதும் இதிலிருந்து தெளிவாகின்றன. எப்போது கையை எடுக்கலாம் என்ற விதியை இதிலிருந்து உருவாக்கிக்கொள்ள முடியாது. அப்படிப்பட்ட விதியை யாராவது வார்டில் சொல்லிக்கொடுத்தால், மரியாதையோடு கேட்டுக்கொண்டு, கடைப்பிடிக்காமல் இருந்துவிடுங்கள்.

முதல் படி: யார் அளப்பது

இதயம் நின்றவரைக் காக்க விடுக்கும் கோட் ப்ளூ அவசர அழைப்பு வந்ததும் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கும். நெஞ்சை அழுத்துபவர், அடுத்து அழுத்தக் காத்திருப்பவர், மூச்சுக்குழாயைக் கவனிப்பவர், டீஃபிப்ரிலேட்டர் அருகில் நிற்பவர், மருந்து கொடுப்பவர், நேரம் குறிப்பவர் ஆகிய இத்தனை பேரும் இருந்து, அதற்கு மேல் ஒருவர் கையில் வேலையின்றி நின்றால் மட்டுமே அவர் பாவையை அளக்கலாம். ஆள் குறைவான இரவுப் பணியில், மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்துபவர் தலைமாட்டிலேயே நிற்பதால், இரண்டு மூச்சுகளுக்கு இடையே இமையைத் தூக்கிப் பார்த்துச் சொல்வதற்கு அவரே பொருத்தமானவர். அளப்பவர் தலைமாட்டின் ஒரு பக்கமாக நின்றுகொள்ள வேண்டும். மூச்சுக்குழாய் செருகுபவரின் முழங்கையை இடிக்கும்படி நிற்கக் கூடாது.

பாவையைப் பார்ப்பதற்காக நெஞ்சழுத்தத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. இந்த விதிக்கு விலக்கே இல்லை.

இரண்டாம் படி: முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதல் அளவீட்டுக்கு முன்போ, முதல் சுழற்சி நடக்கும்போதோ, கேஸ் ஷீட்டைப் புரட்டுபவரிடமும் வெளியே நிற்கும் உறவினரிடமும் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். கண் புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரா, செயற்கைக் கண் உண்டா, கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து போடுகிறவரா, இன்று கண் பரிசோதனைக்காகப் பாவையை விரிக்கும் மருந்து விட்டார்களா என்பவையே அந்தக் கேள்விகள். செயற்கைக் கண்ணில் டார்ச் அடித்துவிட்டு, ஒருபக்கப் பாவை அசையவில்லை என்று எழுதிய கதைகள் ஒவ்வொரு மருத்துவமனையிலும் உலவுகின்றன. அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அவசரத்தில் யாருக்கும் நேரக்கூடியதுதான்.

மூன்றாம் படி: டார்ச்சைக் கொண்டு பார்ப்பது

பாவையை அளக்கும் அகச்சிவப்புக் கருவியான ப்யூபிலோமீட்டர் இல்லாத இடங்களே அதிகம் என்பதால், டார்ச்சை ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்பதற்கே முதலிடம் தர வேண்டும். குவிந்த ஒளி தரும் பென் டார்ச் தேவை. கைபேசியின் விளக்கு பரந்து விழுந்து, கண்ணின் ஈரப்பரப்பில் பட்டுத் திரும்பிப் பாவையின் விளிம்பை மறைத்துவிடுவதால், வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை எடுங்கள்.

முதலில் கட்டைவிரலால் மேலிமையைப் புருவ எலும்பின் மேல் நகர்த்திப் பிடியுங்கள். விரல் எலும்பின் மேல் தங்க வேண்டுமே தவிர, விழிக்கோளத்தை அழுத்தக் கூடாது. ஒளி அடிக்கும் முன் பாவையின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதுதான் பெரும்பாலானோர் தவறவிடும் இடம். ஒளியை அடித்த பிறகு அளவைப் பார்த்தால், சுருங்கியதா, முன்பே சிறியதாக இருந்ததா என்று தெரியாது. டார்ச்சின் ஓரத்திலோ மருந்துக் கம்பெனிகள் கொடுக்கும் அட்டையிலோ அச்சிட்டிருக்கும் வட்டங்களைப் பக்கத்தில் வைத்து, மில்லிமீட்டரில் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். பெரிது, சிறிது, நடுத்தரம் என்ற சொற்களை வைத்துக்கொண்டு அடுத்த அளவீட்டோடு ஒப்பிட முடியாது. பிறகு கண்ணின் ஓரத்திலிருந்து ஒளியைக் கொண்டுவந்து பாவையின் மேல் இரண்டு மூன்று விநாடிகள் நிறுத்துங்கள். இயல்பான பாவை கால் விநாடி அளவில் சுருங்கத் தொடங்கிவிடும், ஆனால் சி.பி.ஆரின்போது தாமதமாகவும் சிறிதளவாகவும் சுருங்கக்கூடும் என்பதால், ஒளியை உடனே விலக்காமல் பொறுத்திருந்து பாருங்கள். ஒளியை விலக்கி, சில விநாடிகள் கழித்து மறுபடி ஒருமுறை அடித்து உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே அடுத்த கண்ணுக்குச் செல்லுங்கள்.

நம் ஊர் நோயாளிகளிடம் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பாவையைச் சுற்றியுள்ள நிறப்படலமான ஐரிஸ் கரும்பழுப்பாக இருப்பதால், பாவைக்கும் அதற்கும் இடையிலான எல்லை மங்கலான ஒளியில் தெரியவே தெரியாது. வெளிர்நிறக் கண்களைக் காட்டும் பாடப்புத்தகப் படங்களில் பழகியவர்கள் முதல்முறை பார்க்கும்போது திணறிப்போவார்கள். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் சற்றுச் சாய்வாகப் பிடித்தால், ஐரிஸின் மேற்பரப்பு தனியாகத் தெரிந்து எல்லை புலப்படும். ஓய்வான நேரத்தில் வார்டில் நினைவோடு இருக்கும் நோயாளிகளிடம், அவர்களின் அனுமதியோடு, இதைப் பழகிக்கொள்ளுங்கள். புரையால் வில்லை வெளுத்திருந்தாலும் ஒளி ஊடுருவும் என்பதால், அத்தகைய கண்ணிலும் எதிர்வினையைப் பார்க்க முடியும். புரை இருக்கிறது என்று அந்தக் கண்ணை விட்டுவிட வேண்டாம்.

நான்காம் படி: கருவி இருந்தால்

ப்யூபிலோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் கண்ணைப் படம்பிடிக்கிறது. அதனால் ஐரிஸ் எவ்வளவு கருமையாக இருந்தாலும் பாவையின் விளிம்பைக் கண்டுபிடித்துவிடும். குறிப்பிட்ட அளவு வெண்ணொளியைக் கண்ணில் பாய்ச்சி, விநாடிக்கு 30 படங்களுக்கு மேல் எடுத்து, ஏறக்குறைய 3 விநாடிகளில் பாவையின் தொடக்க அளவு, சுருங்கிய அளவு, சுருக்க விழுக்காடு, சுருங்கத் தொடங்க எடுத்த நேரம், சுருங்கிய வேகம் ஆகியவற்றைத் திரையில் காட்டும். நியூராப்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருவி இவற்றையெல்லாம் சேர்த்து என்.பி.ஐ. என்ற ஒரே எண்ணாக 0 முதல் 5 வரை தருகிறது. 3 அல்லது அதற்கு மேல் என்றால் இயல்பு, அதற்குக் கீழே என்றால் மந்தம், 0 என்றால் எதிர்வினை இல்லை அல்லது அளக்க முடியவில்லை என்று பொருள். சி.பி.ஆரின்போது இந்த 0 விஷயத்தில் கவனம் வேண்டும். தலை ஆடியதாலும் இமை நழுவியதாலும் அளவீடு தவறியிருந்தால், அது எதிர்வினை இல்லாததற்குச் சமமாகாது. அந்த முறை பதிவான படத்தைப் பார்த்தோ, உடனே மறுமுறை அளந்தோ தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே எழுத வேண்டும்.

பயன்படுத்துவது எளிது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகப் பயன்படுத்தும் கண்ணணையைப் பொருத்தி, அதைக் கன்னத்து எலும்பின் மேல் ஊன்றி, கருவியை முகத்துக்குச் செங்குத்தாகப் பிடித்து, இமையை நன்றாகத் திறந்து, திரையில் பாவையைச் சுற்றி வட்டம் நிலைத்ததும் பொத்தானை விட வேண்டும். நெஞ்சழுத்தம் நடக்கும்போது தலை மேலும் கீழும் அசையும் என்பதால், மூச்சுக்குழாயைக் கவனிப்பவர் தாடையோடு சேர்த்துத் தலையை நிலையாகப் பிடித்துக்கொண்டால் நல்ல பதிவு கிடைக்கும்.

சுருக்க விழுக்காட்டை நீங்களே கணக்கிட்டுப் பழகுவதும் நல்லது. பாவை 4.0 மி.மீ.யிலிருந்து 3.4 மி.மீ.யாகச் சுருங்கினால், 0.6ஐ 4.0ஆல் வகுத்து 15 விழுக்காடு என்று எழுத வேண்டும். 2 மி.மீ. அளவில் சுருங்கிக்கிடக்கும் பாவை மேலும் 0.2 மி.மீ. சுருங்குவது கண்ணுக்குப் புலப்படாது, ஆனால் கருவி அதைக் காட்டிவிடும். கருவியின் உண்மையான பயன் இங்குதான் இருக்கிறது. மூளைக் காயமடைந்த நோயாளிகளைப் பற்றி டைவே ஓல்சன் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள இரண்டு பேர் டார்ச்சால் பார்த்து அசைவில்லை என்று சொன்ன பாவைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே கருவியும் அப்படிச் சொன்னது.

ஐந்தாம் படி: எப்போது, எத்தனை முறை

முதல் அளவீட்டை எவ்வளவு விரைவில் எடுக்க முடியுமோ அவ்வளவு விரைவில் எடுங்கள். பிறகு, மானிட்டரில் இதயத் தாளத்தைச் சரிபார்க்க 2 நிமிடத்துக்கு ஒருமுறை எப்படியும் வரும் சிறு இடைவெளியோடு ஒட்டி ஒவ்வோர் அளவீட்டையும் வைத்துக்கொள்ளலாம். அந்த இடைவெளி 10 விநாடிக்குள் முடிய வேண்டியது. அதற்குள் இரண்டு கண்களையும் அளந்துவிடப் பார்த்தால் தடுமாறும். ஆகவே தொடக்கத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு, பிறகு ஒரே கண்ணைத் தொடர்ந்து அளப்பதும், நேரம் கிடைக்கும்போது மற்றதைச் சரிபார்ப்பதும் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. இடைவெளி முடிந்துவிட்டால், அழுத்தம் நடக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் 2 நிமிடம் என்றால், சான் பிரான்சிஸ்கோ ஆய்வில் முக்கியமாகத் தெரிந்த எல்லை 5 நிமிடம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பவருக்கு, எதிர்வினை 1 நிமிடம் இல்லாமல்போனதா, 9 நிமிடம் இல்லாமல்போனதா என்று பிரித்தறிய முடியாது.

ஆறாம் படி: எழுதுவது

நேரம், எந்தக் கண், ஒளிக்கு முன் அளவு, ஒளிக்குப் பின் அளவு, எதனால் அளந்தது ஆகிய ஐந்தும் ஒவ்வொரு முறையும் வேண்டும். பக்கத்திலேயே தாளம், கேப்னோகிராஃப் காட்டும் எண், கடைசியாகக் கொடுத்த மருந்து ஆகியவற்றைச் சேர்த்தால், பின்னால் படிப்பவருக்கு அது முழுப் படமாகும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: இரவு 10.04, வலது, 6 மி.மீ., அசைவில்லை, டார்ச், அசிஸ்டோல் (இதயத்தில் மின்னோட்டமே இல்லை). 10.06, வலது, 5.5 மி.மீ., 5 மி.மீ.யாக மெதுவாகச் சுருங்கியது, கார்பன் டை ஆக்சைடு 14. 10.07, அட்ரினலின் 1 மி.கி. 10.08, வலது, 5 மி.மீ., 4 மி.மீ.யாகச் சுருங்கியது, கார்பன் டை ஆக்சைடு 18. இந்த நான்கு வரிகளைப் படிக்கும் எவருக்கும் நோயாளி எந்தப் பக்கம் நகர்கிறார் என்பது புரிந்துவிடும். பாவை விரிந்து நிலைத்தது என்று ஒற்றை வரியில் எழுதும் பழக்கம், இறப்பை அறிவிக்கும் குறிப்புகளிலிருந்து நம்மிடம் ஒட்டிக்கொண்டது. சி.பி.ஆர். நடந்துகொண்டிருக்கும்போது அதை எழுதினால், அடுத்து வருபவர் அதை முடிவாகவே எடுத்துக்கொள்வார்.

ஏழாம் படி: போக்கைப் படிப்பது

தனி ஓர் அளவீட்டுக்கு மதிப்புக் குறைவு. அளவீடுகளின் வரிசையைத்தான் படிக்க வேண்டும். அசையாமல் இருந்த பாவை அசையத் தொடங்குவதும், விரிந்த பாவை அளவில் குறைந்துவருவதும், நெஞ்சழுத்தம் பலிக்கிறது என்பதற்கு நம்பகமான அறிகுறிகள். அதைக் குழுத் தலைவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள். 20 நிமிடம் தாண்டிச் சோர்ந்துபோன குழு மேலும் தொடரலாமா என்று தயங்கும் இடத்தில், இந்த ஒரு தகவலால் முடிவு மாறக்கூடும்.

மங்கிக்கொண்டே வரும் எதிர்வினையைக் கண்டால் என்ன செய்வது என்பதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறான பக்கம் போகிறார்கள். அதை நோயாளியின் தலைவிதியாக எடுத்துக்கொள்ளாமல், முதலில் நம் வேலையின் குறையாகச் சந்தேகிக்க வேண்டும். அழுத்துபவர் களைத்திருக்கிறாரா, ஆழம் 5 முதல் 6 செ.மீ. வரை இருக்கிறதா, வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120க்குள் இருக்கிறதா, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுகிறாரா, மெத்தை அமுங்குகிறதா, ஆம்பு பையை அளவுக்கு மீறிய வேகத்தில் அழுத்துகிறோமா என்று வரிசையாகப் பாருங்கள். ஆளை மாற்றி, அடுத்த 2 நிமிடத்தில் பாவை திரும்புகிறதா என்று கவனியுங்கள். அழுத்தத்தில் குறையில்லை என்றால், இரத்த இழப்பு, பொட்டாசியம் கூடியிருப்பது, நெஞ்சுக்குள் காற்று அடைத்திருப்பது, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருப்பது, நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி எனத் திருத்தக்கூடிய காரணங்களை மீண்டும் ஒருமுறை தேடுங்கள். முன்கணிப்புக் கருவியாக இருப்பதைவிட, சி.பி.ஆரின் தரத்தை உடனுக்குடன் காட்டும் அளவுகோலாகத்தான் பாவை அதிகம் பயன்படுகிறது என்பேன்.

தொடக்கத்திலிருந்தே அசையாத பாவையை வைத்து மட்டும் முயற்சியை நிறுத்தக் கூடாது. நிறுத்துவதைப் பற்றிய பேச்சில், இதயம் நின்றதை யாராவது பார்த்தார்களா, எத்தனை நிமிடம் கழித்து அழுத்தம் தொடங்கியது, முதல் தாளம் ஷாக் கொடுக்கக்கூடியதா, நோயாளியின் முந்தைய நிலை என்ன ஆகியவற்றோடு பாவையும் ஒரு தகவல். மூச்சுக்குழாய் செருகிய நோயாளியிடம் 20 நிமிடத்துக்குப் பிறகும் கார்பன் டை ஆக்சைடு 10 மி.மீ. பாதரச அளவைத் தொடவில்லை என்பதைக்கூட அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் தனித்த காரணமாக ஏற்பதில்லை. பிற தகவல்களோடு சேர்த்துப் பார்க்கவே சொல்கின்றன. பாவைக்கும் அதைவிட அதிக அதிகாரம் தர இயலாது.

பாவையை ஏமாற்றுபவை

மார்ஃபின் போன்ற ஓபியாயிடு மருந்துகள் பாவையைக் குண்டூசி முனையளவுக்குச் சுருக்கினாலும் ஒளி எதிர்வினையை அழிப்பதில்லை. அது சிறியதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாமல்போகிறது. பூச்சிமருந்து குடித்தவர்களிடம் அதிலுள்ள ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு பாவையைச் சுருக்கும், அதற்கு மாற்றாக மிகுந்த அளவில் ஏற்றும் அட்ரோபின் விரிக்கும். ஆகவே அத்தகைய நோயாளியின் பாவையை வைத்து மூளையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஊமத்தை விதை உண்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆனால், சி.பி.ஆரின்போது நரம்பு வழியாகக் கொடுக்கும் வழக்கமான அளவு அட்ரோபினால்தான் பாவை விரிந்து அசையாமல் நிற்கிறது என்று சமாதானம் சொல்ல முடியாது. இதயநிறுத்தத்தில் வழக்கமாக அட்ரோபின் கொடுப்பதே 2010ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல்களில் கைவிடப்பட்டுவிட்டது. அட்ரினலின் பாவையை விரிக்கலாம், எதிர்வினையைப் பறிப்பதில்லை.

ஒரு பாவை மட்டும் விரிந்திருந்தால் மூளைக்குள் அழுத்தம் கூடியதா என்று சந்தேகிக்க வேண்டியதுதான். அதே சமயம், இப்ராட்ரோபியம் நெபுலைசரின் முகமூடி ஒருபக்கம் கசிந்து கண்ணில் பட்டிருந்தாலும் அப்படி நேரும். உடல் மிகவும் குளிர்ந்திருந்தால், எடுத்துக்காட்டாக நீரில் மூழ்கியவரிடம், பாவை விரிந்து அசையாமல் நின்றும் பிறகு முழுதாக மீள்வதுண்டு. தசை தளர்த்தும் மருந்துகள் எலும்புத் தசைகளைத்தான் முடக்குகின்றன, பாவையின் மென்தசையைத் தொடுவதில்லை. அதனால் கைகால் அசைவும் கார்னியா எதிர்வினையும் (விழியின் முன்படலத்தைத் தொட்டால் இமை மூடுவது) அம்மருந்துகளால் மறைந்துபோன நோயாளியிடம், நமக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி பாவைதான்.

இதயம் மீண்டும் துடித்த பிறகு

இரத்த ஓட்டம் திரும்பியதும் முதல் அரை மணி நேரத்தில் எடுக்கும் பாவை அளவீட்டை அடிப்படை அளவாகப் பதிவு செய்யுங்கள், ஆனால் அதை வைத்து முன்கணிப்புச் சொல்லாதீர்கள். ஐரோப்பிய மறு உயிர்ப்பு மன்றமும் ஐரோப்பிய தீவிர சிகிச்சைச் சங்கமும் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 72 மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்தும் நினைவு திரும்பாமல், வலிக்குத் தரும் அசைவு நினைவுநிலையை மதிப்பிடும் ஜி.சி.எஸ். அளவுகோலில் 3 அல்லது அதற்குக் கீழே இருந்து, மயக்க மருந்து போன்ற குழப்பிகள் இல்லை என்று உறுதியான பிறகே முன்கணிப்பைத் தொடங்க வேண்டும். அப்போதும் இரண்டு அறிகுறிகளாவது சேர வேண்டும். 72 மணி நேரத்துக்குப் பிறகு இரு கண்களிலும் பாவை எதிர்வினையும் கார்னியா எதிர்வினையும் இல்லாதது, உணர்வு நரம்புச் சோதனையில் இருபுறமும் அலை வராதது, மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. மிக மோசமாக இருப்பது, சேதமடைந்த நரம்பணுக்களிலிருந்து கசியும் என்.எஸ்.இ. என்ற நொதியின் அளவு இரத்தத்தில் 48 அல்லது 72 மணி நேரத்தில் லிட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பது, 72 மணி நேரத்துக்குள் விடாத தசை வெட்டு, ஸ்கேனில் பரவலான சேதம் ஆகியவையே அந்த அறிகுறிகள்.

இந்தக் கட்டத்தில் கருவிக்கு வலுவான சான்று இருக்கிறது. ஐரோப்பாவின் 10 ஐ.சி.யூ.க்களில் 456 நோயாளிகளைக் கொண்டு மௌரோ ஓட்டோ குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதல் 3 நாட்களுக்குள் என்.பி.ஐ. 2 அல்லது அதற்குக் கீழே போனவர்களில் ஒருவருக்குக்கூட நல்ல மீட்சி கிட்டவில்லை. டார்ச்சால் பார்த்ததன் குறிப்புத்தன்மை 94 விழுக்காடு. அதாவது, நல்லபடி மீண்ட 100 பேரில் ஏறத்தாழ 6 பேரை டார்ச் தவறாக மோசமான பக்கத்தில் சேர்த்துவிடும். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். என்.பி.ஐ. 2 என்ற எல்லை, மோசமான முடிவைச் சந்தித்தவர்களில் 32 விழுக்காட்டினரை மட்டுமே அடையாளம் காட்டியது. பாவை நன்றாக இருக்கிறது என்பதால் ஆபத்து நீங்கிவிட்டதாக நினைப்பதும் தவறு.

உறவினரிடம் சொல்வது

வெளியே காத்திருக்கும் மகனோ மனைவியோ பெரும்பாலும் கேட்பது, கண்ணில் அசைவு இருக்கிறதா என்றுதான். இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்வதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. பாவை அசையவில்லை, இனி நம்பிக்கையில்லை என்று முதல் நாளே சொன்னால், செலவை நினைத்துத் தவிக்கும் குடும்பம் நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடும். அவர் அங்கே இறப்பார், நம் கணிப்பு சரியாகிவிட்டதாக நாமும் நம்பிவிடுவோம். இதய நிறுத்தத்தைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றின் முடிவுகளையே சாய்த்துவிட்ட கோளாறு இது. ஆகவே பதிலை மூத்த மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். நீங்களே சொல்ல நேர்ந்தால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: “அம்மா, இப்போதைக்கு வெளிச்சத்துக்குக் கண் அசையவில்லை. இதை வைத்து இன்று எதுவும் முடிவு செய்ய முடியாது. மூன்று நாள் கழித்து மற்ற சோதனைகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் உங்களிடம் பேசுவார்.” அசைவு இருந்தாலும் இதே அளவோடு பேசி, சொன்ன நேரத்தையும் சொன்ன சொற்களையும் கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவர் அதைப் படித்துவிட்டு அதையொட்டியே பேச வேண்டியிருக்கும்.